கடைசிச் சரணத்துக்கு முன் இரண்டு சுற்று

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

இன்று நான் சொல்லாமல் விட்டது இது: "ஆல்பத்திலிருந்து அந்தப் பாட்டை எடுத்தால் என் டிராம்போனையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்." நாக்கு நுனி வரை வந்ததைத் திரும்ப விழுங்கிவிட்டு டிராம்போன் குழாய்க்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே போட்ட எண்ணெயே சொட்டிக்கொண்டிருந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். போனில் என்றால் 'ம்', 'சரி' என்று முடித்துவிடுவேன் என்று என்னைக் கடிதம் எழுதப் பழக்கியது நீங்கள்தான். அனுபவியுங்கள்.

நம் 'எதிர்வீடு' பேண்ட் மறுபடி சேர்ந்துவிட்டது. நம் மேல் புகார் கொடுத்து நமக்கு அந்தப் பெயரையும் கொடுத்த எதிர்வீட்டுக்காரர் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார். பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஆரம்பித்துவைத்தவர், கிதாரோடு பாடுகிற நம் பல் டாக்டர்தான். ஸ்கா-பங்க் கேட்கிற கூட்டம் திரும்பி வந்திருக்கிறதாம். தாளத்தில் அடிக்கும் அடிக்கும் நடுவில் கிதார் வெட்ட, பின்னால் டிரம்பெட்டும் டிராம்போனும் சேர்ந்து ஊத, நின்ற இடத்திலேயே ஜனங்கள் குதிக்கிற அந்தப் பழைய கூத்தை, நாம் கைவிட்ட நேரம் பார்த்து இருபது வயதுக்காரர்கள் தேடிப் பிடித்திருக்கிறார்கள். "என் பேஷண்டுங்க ரெண்டு பேர்கிட்ட ஆல்பம் போடலாமான்னு கேட்டேன். ஒருத்தர்கூட மறுத்துப் பேசலை," என்றார் டாக்டர். இரண்டு பேர் வாயிலும் அப்போது அவர் கை இருந்திருக்கும்.

கம்பெனி எதுவும் கிடையாது. நாங்களே பதிவு செய்து நாங்களே வெளியிடுகிறோம். இடம், டாக்டருடைய மச்சானின் கம்பளக் கிடங்கு. சுவர் முழுக்கச் சுருட்டி நிறுத்திய கம்பளங்கள் என்பதால் சத்தம் வெளியே போகாது. நம் தும்மல்கூட நமக்கே மெதுவாகத்தான் கேட்கிறது. பதிவு செய்கிற அக்கா ஒருவர் வருகிறார். முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார்: "எல்லாரும் ஒரே ரூம், ஒரே நேரம். தனித்தனியா வாசிச்சு ஒட்டற வேலை எங்கிட்ட கிடையாது. ஒட்டணும்னா ஸ்டேஷனரி கடைக்குப் போங்க."

அண்ணன் அப்படியேதான் இருக்கிறான். பகலெல்லாம் டிரைவிங் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் "மெதுவா, மெதுவா" என்று மன்றாடுகிறவன், டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்ததும் துரத்தல் காட்சியில் மாட்டிக்கொண்டவன் மாதிரி ஆகிவிடுகிறான்.

மற்றப் பாட்டுகளில் உங்கள் டிரம்பெட் பகுதியை டிராம்போனில் வைத்து எப்படியோ சமாளித்துவிட்டேன். 'இறங்குறவங்க இறங்குங்க' மட்டும் முடியவில்லை. மெட்டு உங்களுடையது, ஆரம்பமே தனி டிரம்பெட். இன்று டாக்டர் கேட்டார், "அதுக்கு யாரு ஊதறது?" அண்ணன் தலை நிமிராமல் துடைத்ததையே துடைத்துக்கொண்டு சொன்னான், "அந்தப் பாட்டு வேண்டாம்." அப்போதுதான் நான் எண்ணெய் போட்டது.

அம்மா கேட்கச் சொன்னாள்: குக்கர் மூடியின் இன்னொரு ரப்பரை எங்கே வைத்திருக்கிறீர்கள்? நீங்கள் போய் மூன்று வருடமாக அது இல்லாமல் எப்படிச் சமைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

உங்கள்
கொக்கு

மார்ச் 11

கொக்குக்கு,

நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் நீ கேட்காமல் விட்டதைத்தான் நான் முதலில் படித்தேன். கேட்காததற்கும் பதில் உண்டு: முடியாது.

காரணம் ஒன்று, ஊதுகிற உதடு போய்விட்டது. டிரம்பெட் பீரோவுக்கு மேலே பெட்டியில் இருக்கிறது. உன் கடிதம் வந்த அன்று எடுத்து ஊதிப் பார்த்தேன். மேல் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி, "ஏதாவது உதவி வேணுமாங்க?" என்று கேட்டார். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்திருக்கிறார்.

காரணம் இரண்டு, வேலை. பஸ் கம்பெனியில் புது அட்டவணை போடும் மாதம் இது. நான் போடுகிற அட்டவணையில் எல்லா பஸ்ஸும் நேரத்துக்கு வந்துவிடுகிறது. ரோட்டில்தான் வருவதில்லை. அதற்கும் என்னையே திட்டுகிறார்கள்.

காரணம் மூன்று, நிஜக் காரணம். ஏப்ரலில் நானும் உன் அண்ணனும் கையெழுத்துப் போட வேண்டும். வக்கீல் தேதி கொடுத்துவிட்டார். இந்த நேரத்தில் நான் வந்து அவனோடு சேர்ந்து வாசித்தால் உங்கள் அம்மா எனக்கு மெத்தை விரித்து, புதுத் தலையணை உறை மாட்டி, பல்துலக்க பிரஷ் வரை வாங்கி வைத்துவிடுவாள். அவளைக் குறை சொல்லவில்லை. எனக்கே அப்படி ஒரு எண்ணம் வந்துவிடுமோ என்றுதான் பயம். நாங்கள் சண்டை போட்டுப் பிரியவில்லை. சண்டை போட்டவர்களுக்கு வழி சுலபம், ஆளுக்கொரு பக்கம் கோபமாக நடந்துவிடலாம். நாங்கள் அலுத்துப் பிரிந்தவர்கள். அலுப்பு கொஞ்சம் ஓய்வெடுத்தால் போய்விட்டது போலத் தோன்றும், மறுபடி போய் உட்கார்ந்தால் அங்கேயே இருக்கும்.

பாட்டை எடுத்துவிட்டால் எனக்கு வருத்தமில்லை என்று ஒரு வரி எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். பார், கீழே அடித்த தடம் இருக்கிறது.

குக்கர் ரப்பர் சமையல்கட்டில் கீழ் டிராயரில், மெழுகுவர்த்திக்குப் பின்னால். அம்மாவிடம் சொல்.

இப்போது என்ன வேகத்தில் வாசிக்கிறான்? சும்மா கேட்கிறேன்.

அண்ணி

மார்ச் 25

அன்புள்ள அண்ணிக்கு,

ரப்பர் நீங்கள் சொன்ன இடத்திலேயே இருந்தது. அம்மா எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே திரும்ப வைத்துவிட்டாள்.

அண்ணன் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறான். "அந்தப் பாட்டு இல்லாத ஆல்பம் முன்பல் இல்லாத சிரிப்பு" என்று டாக்டர் ஒரு வாரம் விடாமல் சொல்லி, உங்கள் இடத்துக்கு ஒருவரைக் கூட்டி வந்தார். போலீஸ் பேண்ட் ஒன்றில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி கலையாத சட்டை. நாற்காலியில் கைக்குட்டையை விரித்துவிட்டுத்தான் உட்காருவார். ஸ்கா என்றால் என்ன என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு, "மார்ச் பாஸ்ட் மாதிரிதான், ஆனா எல்லாரும் தப்பான கால்ல நடக்கணும், இல்லையா?" என்றார். இதைவிட நன்றாக யாரும் சொன்னதில்லை.

அவருக்காக உங்கள் பகுதியை நான்தான் தாளில் நோட்டேஷனாக எழுதிக் கொடுத்தேன். நடந்ததைக் கேளுங்கள்.

அவர் தாளில் இருந்தபடி அழகாக ஊதிக்கொண்டே போனார். கடைசிச் சரணத்துக்கு முன் அண்ணன், டாக்டர், பேஸ் கிதார் வாசிக்கிற மாமா, நான் நால்வரும் பொட்டென்று நின்றுவிட்டோம். அவர் மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் போய், திரும்பிப் பார்த்து, டிரம்பெட்டை இறக்கினார்.

"மன்னிக்கணும். தப்பு என்னோடதா?"

"இல்ல சார். அங்க தாளத்துல ரெண்டு சுத்து நிக்கணும்," என்றார் டாக்டர்.

"தாள்ல இல்லையே."

"தாள்ல இல்லேன்னாலும் நிக்கணும் சார்."

"எதுக்கு?"

டாக்டர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மாமாவைப் பார்த்தான். மாமா கம்பளத்தைப் பார்த்தார். பதிவு செய்கிற அக்கா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுக் கேட்டார், "ஓடிட்டிருக்கற பாட்டை நடுவுல நிறுத்தறீங்களே, யாராவது ஏறப் போறாங்களா?"

"அது பாட்டுலயே இருக்குங்க்கா," என்றான் அண்ணன், சுள்ளென்று.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் எழுதும்போது அந்த இடைவெளியை நான் எழுதவே இல்லை. எழுதவில்லை என்பதுகூடத் தெரியவில்லை. கடைசியில் டாக்டர் தன் பழைய போனில் நம் ஒத்திகைப் பதிவு ஒன்றைத் தேடிப் பிடித்தார். எல்லோரும் குனிந்து கேட்டோம். பாட்டு நிற்கிறது. 'புஸ்ஸ்' என்று ஒரு காற்று. தரையில் சொட்டுகிற சத்தம். பிறகு உங்கள் குரல்: "ம்... போலாம்." உடனே டிரம்ஸ்.

"அடடே," என்றார் பேண்ட் மாஸ்டர். "தண்ணி வடிக்கறாங்க."

அவ்வளவுதான் அண்ணி. உங்களுடைய அந்தப் பழைய டிரம்பெட், மூச்சின் ஈரம் சேர்ந்து கடைசிச் சரணத்துக்குள் களகளக்க ஆரம்பித்துவிடுமே. நீங்கள் அதை வடித்து முடிக்கும் வரை நாங்கள் நின்றிருக்கிறோம். நின்று நின்று அது பாட்டாகிவிட்டது. நீங்கள் இல்லாதபோதும் நான்கு பெரியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உங்கள் டிரம்பெட் காலியாவதற்காகக் காத்திருக்கிறோம்.

என் வேலையில் இதைத் தினமும் பார்க்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காது பரிசோதனைக்கு உட்கார்ந்திருப்பவர், நான் ஒலி எதுவும் அனுப்பாதபோதும் கை தூக்குவார். அவர் பொய் சொல்லவில்லை. காத்திருக்கிற காதுக்கு அது வந்தேவிடுகிறது. நான் தாளில் 'தவறு' என்று குறிப்பேன். இனிமேல் குறிக்கும்போது கொஞ்சம் கை கூசும்.

மாமாதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். அண்ணனும்தான் சிரித்தான். சிரித்துக்கொண்டே கம்பளச் சுருள்களுக்குப் பின்னால் போனவன் கொஞ்ச நேரம் வரவில்லை. வந்ததும் என் பக்கத்தில் நின்று, யாருக்கும் கேட்காமல், "நீ அவளுக்கு எழுதுவேல்ல? கேளு. வந்தா அவ வாசிக்கட்டும். வரலேன்னா சார் வாசிக்கட்டும். பாட்டு இருக்கட்டும்," என்றான்.

கேட்டதை எழுதிவிட்டேன். வேகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சொன்னால் வரமாட்டீர்கள்.

உங்கள்
கொக்கு

ஏப்ரல் 1

கொக்குக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தது தப்பு. பக்கத்து மேஜைக்காரி, "ஏன் சிரிக்கறீங்க?" என்றவள், அடுத்த நிமிடம், "ஏன் அழறீங்க?" என்றாள். "பஸ் லேட்டு," என்றேன்.

எத்தனை மேடையில் அந்த இடத்தில் ஜனங்கள் கத்தினார்கள்! நீங்கள் எல்லாம் அவ்வளவு உணர்ச்சியோடு நிற்கிறீர்கள், என்ன அழகாக யோசித்து வைத்திருக்கிறான் உன் அண்ணன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிடைத்த நேரத்தில் தண்ணீரை வடிப்போமே என்று வடித்தேன். 'போலாம்' என்றதும் இரண்டு சுற்று முடிந்ததே என்றுதான். அவன் எனக்காக நின்றான் என்று எனக்குத் தெரியாது. நான் அவனுக்காக நிற்கிறேன் என்று நினைத்தேன். எங்கள் குடும்ப வாழ்க்கையைப் பற்றி யாராவது கேட்டால் இனி இதையே சொல்லிவிடலாம்.

ஒரு வழி சொல்கிறேன். டிப்போவில் ஓடாத பஸ் ஒன்று நிற்கிறது. அதற்குள் உட்கார்ந்து தினமும் மதியம் ஊதிப் பழகுகிறேன். உதடு கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. கண்டக்டர்கள் டிக்கெட் கேட்காமல் கேட்கிறார்கள். அங்கேயே பதிவு செய்து அனுப்பிவிடுகிறேன். உங்கள் அக்காவிடம் சொல்லி ஒட்டிக்கொள்ளுங்கள். எனக்கும் சங்கடமில்லை, அவனுக்கும் சங்கடமில்லை.

அண்ணி

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

அக்காவிடம் கேட்டேன். ஸ்டேஷனரி கடைக்கு வழி சொன்னார்.

அது போகட்டும். நான் எதையும் நேராகக் கேட்டதில்லை. கேட்காமலே நீங்கள் புரிந்துகொண்டுவிடுவதால் எனக்கு அந்தப் பழக்கம் வரவே இல்லை. இப்போது கேட்கிறேன். வாருங்கள். அண்ணன் சொன்னதற்காக இல்லை, ஆல்பத்துக்காகவும் இல்லை. உங்கள் பக்கத்தில் நின்று ஒருதடவை வாசிக்க வேண்டும்.

அண்ணன் கல்யாணம் பண்ணி வீட்டுக்கு ஒருவரைக் கூட்டி வந்தான். எனக்கு டிராம்போனையும், பாதிப் புத்தகங்களையும், வாய் திறந்து பேசுவதையும் கொடுத்தது அவர்தான். நீங்கள் இருவரும் கையெழுத்துப் போடுகிற தாளில் என் பெயர் எங்கும் இருக்காது. ஆனால் எதுவெல்லாம் முடிகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் நான் உங்களுக்கு எழுதலாமா? இதுதான் நான் உண்மையில் கேட்பது. மெத்தை விரிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

கொக்கு

ஏப்ரல் 12

கொக்கே,

அட்டவணை போடுகிறவளை நேரம் குறித்துக் கூப்பிட்டுவிட்டாய். சரி, கேள். இருபத்து நாலாம் தேதி வெள்ளிக்கிழமை கையெழுத்து. மறுநாள் சனிக்கிழமை பதிவு. ஒரே பயணம், ஒரே டிக்கெட். என் சிநேகிதி வீட்டில் தங்கிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை போட்ட பிறகுதான் சனிக்கிழமை வருவேன் என்பதில் நான் பிடிவாதம். அப்போதுதான் எதற்கு வந்தேன் என்பதில் யாருக்கும் குழப்பம் வராது, எனக்கும் சேர்த்து.

உன் கேள்விக்கு நேரில் பதில் சொல்கிறேன். இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன், நீ அதுவரை சாப்பிடாமல் திரிவாய். நீ எழுதாவிட்டால் நான் பஸ் ஏறி வந்து கதவைத் தட்டுவேன்.

பேண்ட் மாஸ்டரையும் வரச் சொல். இரண்டு டிரம்பெட் இருந்தால் என் பிசிறு கேட்காது.

அண்ணி

ஏப்ரல் 27

கொக்குக்கு,

வந்து சேர்ந்தேன். பஸ் நேரத்துக்கு வந்தது, ஆபீஸில் யாரும் நம்பவில்லை. உதடு இரண்டும் வடை மாதிரி வீங்கியிருக்கிறது. பேண்ட் மாஸ்டர் கொடுத்த களிம்பைத் தடவிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. அக்கா என்னை மைக்குக்கு எதிரே, டிரம்ஸுக்கு முதுகு காட்டி நிறுத்திவிட்டார். முடிந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. உன் அண்ணன் வாசல் வரை வந்து பெட்டியை வாங்கி வண்டியில் வைத்தான். "பத்திரம்," என்றான். டிரம்பெட்டைச் சொன்னானா என்னைச் சொன்னானா தெரியவில்லை. நானும், "சரி," என்றேன்.

நான் போன பிறகு அங்கே என்ன நடந்தது? பாட்டு தேறியதா? அவன் சாப்பிட்டானா? காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று மாமா சொன்னார்.

அண்ணி

மே 2

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் நீங்கள் பார்க்காததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் நின்ற இடத்திலிருந்து அண்ணனின் முகம் நேராகத் தெரிந்தது. நீங்கள் தனியாக ஊதி ஆரம்பித்தபோது அவன் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தான். பாட்டுக்குள் வந்ததும் வழக்கம்போல ஓட ஆரம்பித்தான். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது காலால் ஓங்கித் தட்டினீர்கள். ஞாபகம் இருக்கிறதா? அவன் உடனே அடங்கினான். டாக்டர் பாடிக்கொண்டே கண்ணடித்தார்.

கடைசிச் சரணத்துக்கு முன் நாங்கள் நின்றோம். பேண்ட் மாஸ்டரும் இந்தத் தடவை எங்களோடு நின்றார், தாளில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். நீங்கள்தான் நிற்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த தாளில் இருந்தபடியே, யாருடைய துணையும் இல்லாமல், அந்த இரண்டு சுற்றையும் ஊதிக்கொண்டு போனீர்கள். நடுவில் டிரம்பெட் களகளத்தது. அதோடேயே ஊதினீர்கள். அண்ணனுடைய குச்சிகள் இரண்டும் மேலே அப்படியே நின்றன. அவன் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நாங்கள் இல்லாவிட்டாலும் அந்த மெட்டு தானாகப் போகும் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். எனக்கும்தான். பயப்படுகிறவன் முகமாக அது இல்லை. நல்ல செய்தியைக் கேட்டுக்கொண்டிருக்கிறவன் முகம். பிறகு சரியான இடத்தில் நாங்கள் எல்லோரும் வந்து விழுந்தோம்.

இன்னொரு தடவை எடுக்கலாமா என்று டாக்டர் கேட்டதற்கு அக்கா, "எதுக்கு?" என்றார். அதுதான் ஆல்பத்தில் வருகிறது, களகளப்பு உள்பட.

அம்மா மெத்தை விரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் என்னிடம், "அவளுக்கு என் மேல ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப கேளு, தையல் மிஷின் ஆயில் எங்க வெச்சான்னு," என்றாள். எழுதுங்கள், எங்கே என்று. எனக்குத் தெரிந்தவரை அது மிஷின் மேலேயே இருக்கிறது.

இனி நீங்கள் கேட்டது. நீங்கள் போன பிறகு அண்ணன் தெருமுனைக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டான், இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டுக் கிடங்குக்குத் திரும்பி வந்து, அக்காவுக்கு ஒயர்களைச் சுருட்டிக் கொடுத்தான். பாட்டுகளின் வரிசையை மாற்றச் சொன்னான். 'இறங்குறவங்க இறங்குங்க' முதல் பாட்டாக வருகிறது.

உங்கள் நாத்தனார்
கொக்கு